விழுந்த மண்ணுக்கு ஒரு பங்கு

1

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் தொலைபேசி அடித்தது. எடுத்தால் நம்ம ஊர்க் குரல்.

"ஏனுங்கண்ணா, நான் செந்திலுங்க. அவிநாசிப் பக்கமுங்க. உங்க ஃபவுண்டரிக்குப் புதுசா வந்திருக்கறனுங்க. இங்க மான் சுடலாம்னு சொல்றாங்க, நெசமாலுமுங்களா?"

"சுடலாமுங்க தம்பி. ஆனா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. காற்று, கோட்டு, கத்தி, குறி என்று போய்க்கொண்டே இருந்தேன். அந்தப் பையன் உம் கொட்டிக் கொட்டி ஓய்ந்துபோனான். ஒருவழியாகப் போனை வைத்ததும் என் மனைவி வசந்தி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவன் கேட்டது ஒரு வார்த்தை. நீங்க கதாகாலட்சேபமே நடத்திப்போட்டீங்க. இதுக்குப் பேசாம எழுதியே குடுத்திருக்கலாமுங்க."

சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். செந்திலுக்காக ஆரம்பித்தாலும், ஊரில் இருக்கிற நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அங்கே செய்து பார்ப்பதற்கு அல்ல. நம் நாட்டில் வேட்டைக்குத் தடை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். எங்கள் பக்கம் முயலைப் பார்ப்பதே இப்போது அதிசயம். இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் கதை வேறு. மான்கள் பெருகிப்போய் மக்காச்சோளத்தை மேய்கின்றன, சாலையில் காரின் மேல் வந்து விழுகின்றன. அதனால் நவம்பர் கடைசியில், உரிமம் எடுத்தவர்கள் சுடலாம் என்று அரசாங்கமே நாள் குறித்துக் கொடுக்கிறது. ஆடிப்பெருக்குக்கு ஜனங்கள் பவானிக்குக் கிளம்புகிற மாதிரி, அந்த நாட்களில் ஊரே காட்டுக்குக் கிளம்பிவிடும். ஃபவுண்டரியில் பாதி ஆள் இருக்காது.

நான் கோவையில் பம்ப் செய்கிற வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தவன். சரவணம்பட்டியில் வாடகை வீடு, கொல்லைப்புறத்தைத் திறந்தால் சோளக்காடு. சொந்த ஊர் வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு தோட்டம். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தோம். இரும்பு இங்கேயும் அதே சூட்டில்தான் உருகுகிறது என்பதால் வேலை பழகிவிட்டது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத்தான் பழகியது. வேட்டை அதில் ஒன்று.

2

துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வகுப்பு இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு அது கட்டாயமில்லை. இருந்தாலும் போனேன், நீங்களும் போங்கள். பள்ளிக்கூட நூலகத்தில், என் மகள் ரம்யா வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. சுடாத எதன் பக்கமும் அதன் வாயைத் திருப்பாதே. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விரலை விசையில் வைக்காதே. இவ்வளவும் அங்கே கற்றதுதான். எங்கள் செல்லமுத்து மாமன் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும் போதெல்லாம் பின்னால் வருகிறவர்கள் குனிந்து எழுவார்கள். அவர் இந்த வகுப்புக்கு வந்திருந்தால் முதல் நாளே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அடுத்தது, ஒரு விவசாயியைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் காடுகளிலும் சுடலாம், ஆனால் கூட்டம். யாராவது ஒருவர் தன் நிலத்தில் உட்கார அனுமதி கொடுத்தால் நிம்மதி. இதை வேட்டை தொடங்குகிற நாளில் போய்க் கேட்கக் கூடாது. கோடைக்காலத்திலேயே போங்கள், வைக்கோல் கட்டு ஏற்றுகிற நேரத்தில் ஒரு கை கொடுங்கள், பிறகு கேளுங்கள்.

எனக்கு ஹெரால்ட் கிடைத்தது வசந்தியால். வந்த புதிதில் அவளுக்கு ஒருமுறை சீம்பால் மேல் ஆசை வந்துவிட்டது. மாடுகள் தெரிந்த பண்ணையில் எல்லாம் காரை நிறுத்தி, கன்று போட்ட மாட்டின் முதல் பால் கிடைக்குமா என்று கேட்டோம். இரண்டு இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது ஹெரால்ட். மனைவியை இழந்த கிழவர், ஆறடிக்கு மேல் உயரம், தானும் வேட்டைக்குப் போகிறவர், பேச்சு சுருக்கம். "கன்றுக்குட்டி வளர்க்கிறீர்களா?" என்றார். இல்லை, நாங்கள் சாப்பிடத்தான் என்றேன். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு தூக்கில் கொண்டுவந்தார். வசந்தி அதில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்து, அதே தூக்கில் பாதியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹெரால்ட் தொழுவத்தில் நின்றபடியே விரலால் வழித்துச் சாப்பிட்டார். "இத்தனை வருஷமாக இதை முழுக்கக் கன்றுக்குட்டிகளுக்கே ஊற்றிக்கொண்டிருந்தேனே!" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பண்ணைக்குள் போக எனக்கு அனுமதி கேட்கவேண்டி இருந்ததே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், அது முறை.

3

கோட்டு விஷயம். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் பலம். நம் வீட்டுக் கோட்டில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை எப்போதும் இருக்கும், நமக்குத் தெரியாது. முதல் வருஷம் வந்த மான்கள் எல்லாம் தூரத்திலேயே தலையைத் தூக்கி, மூக்கை விடைத்து, திரும்பிப் போயின. என்னை வேட்டைக்குப் பழக்கிய ஃபவுண்டரி நண்பர் என் தோளில் முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கே பசிக்கிறது" என்றார். ஆகவே வேட்டைக் கோட்டு வீட்டுக்குள் வரக்கூடாது. ஒரு வாரம் முன்னாலேயே வெளியே கொட்டகையில் தொங்கவிடுங்கள். தேங்காய் எண்ணெயை அந்த வாரம் தலையில் வைக்காதீர்கள். உட்காரும்போது காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அல்ல.

கோட்டின் நிறம் ஆரஞ்சு. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. பாதயாத்திரைக்குக் கிளம்பியவனைப் போல இருக்கும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மானுக்கு அது தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும், அதுதான் வேண்டும்.

பிறகு உட்கார வேண்டும். நமக்குக் கஷ்டமான பாடம் இதுதான். எங்கள் பக்கம் வேட்டை என்றால் ஆரவாரம், இங்கே மூச்சு விடுவதே அதிகம். குளிரில் மரத்தடியில், இருமல் வந்தால் விழுங்கிக்கொண்டு, கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வையுங்கள். தலைக்கு ஆசைப்படாதீர்கள், தப்பினால் அது வதைபட்டுச் சாகும். சந்தேகமாக இருந்தால் சுடாதீர்கள். பட்டு ஓடினால் உடனே பின்னால் ஓடாதீர்கள். ஃபிளாஸ்க்கில் இருக்கிற காப்பியை ஊற்றி மெதுவாகக் குடித்துவிட்டு எழுங்கள். துரத்தாவிட்டால் அது பக்கத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

விழுந்ததும் முதல் வேலை, உரிமத்தோடு ஒரு மானுக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிற டேக்கை, அந்த அடையாளச் சீட்டை, கொம்பில் கட்டுவது. இரண்டாவது, குடலை எடுத்து உடம்பைக் குளிரவிடுவது. மூன்றாவது வேலையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

4

அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தடையெல்லாம் வரவில்லை. அம்மாவின் தம்பி செல்லமுத்து மாமன் தலைமையில் ஒரு படையே கிளம்பும். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில் தடியால் புதரைத் தட்டி, ஊளையிட்டு, முயலைக் கிளப்புவார்கள். மாமன் சுடுவார், படாது. நாய்தான் பிடிக்கும். பெயர் மாமனுக்குப் போகும்.

பிடித்த இடத்திலேயே பங்கு. ஆமணக்கு இலைகளைப் பறித்து வரிசையாகப் பரப்பி, கறியைக் கூறு போடுவார்கள். வேட்டை தொடங்கிய நிலத்துக்காரருக்குத் தலை, அது மரியாதை. முயல் எந்த நிலத்தில் விழுந்ததோ அந்த நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. நாய்க்கும் ஒன்று. வழியில் போகிறவர் அறுத்து முடிப்பதற்குள் வந்து நின்றுவிட்டால் அவருக்கும் உண்டு. யாருக்கு எந்தக் கூறு என்பதில் சண்டை வராமல் இருக்க, ஒருவர் முதுகைத் திருப்பி நிற்பார். கூறு போட்டவர் ஒரு இலையைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். கிடைத்த முயல் ஒன்றே ஒன்று, நிற்கிற கூட்டமோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். சில நாள் என் பங்கு வெற்றிலை பாக்கு அளவுக்குக்கூடக் காணாது. ஆனால் யாருக்கும் இல்லை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வேட்டைக்கு வராத நிலத்துக்காரருடைய பங்கை இலையில் கட்டி அவர் வீட்டு வாசலில் தொங்கவிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கூப்பிடமாட்டார்கள். ஏன் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "கூப்புட்டுக் குடுத்தா, கும்புடு வாங்கறதுக்கு நின்ன மாதிரி ஆயிருமில்லீங்களா சாமி. வெச்சுப்போட்டு வந்தரோணும்," என்றார்.

5

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் என் நிலைமை இது. அப்பா இறந்த பிறகு அம்மா தோட்டத்தில் தனியாக இருந்தார். அவரை இங்கே கூட்டிவர வேண்டுமானால் நான் இந்த நாட்டுக் குடிமகனாக வேண்டும். விண்ணப்பம் போட்டு, விரல் ரேகை கொடுத்து, காத்திருந்து, கடைசியில் நேர்காணலுக்கு டிசம்பரில் தேதி வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது அம்மா, "எருமைய வித்துப்போட்டேன் கண்ணு. முத்தூர்க்காரங்க வந்து புடிச்சுட்டுப் போயிட்டாங்க. காட்டையும் குத்தகைக்கு உட்டாச்சு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா இப்பிடி? இப்ப வந்திருக்கறது எனக்கு நேர்காணல் தேதி. அது முடிஞ்சு, நான் இந்த நாட்டுக் குடிமகனாச் சத்தியம் பண்ணி, அதுக்குப் பொறவுதாம்மா உனக்கு எழுதிப் போடவே முடியும்."

"அதெல்லாம் நீ பாத்துக்குவ. எனக்கென்ன வெசனம்? என்னமோ, காலைல எந்திரிச்சா பால் பீச்ச ஒண்ணுமில்லாம கையி சும்மா இருக்குது. அதுதான் ஒரு மாதிரி இருக்குது."

அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. உங்கள் மேல் எப்போதாவது வழக்குப் பதிந்திருக்கிறார்களா, அபராதச் சீட்டு கொடுத்திருக்கிறார்களா என்று. நேர்காணலில் அதைத் திரும்பவும் கேட்பார்கள். ஏதோ சின்ன வழக்குக்காக ஒருவருடைய குடியுரிமை வருஷக்கணக்கில் தள்ளிப்போன கதையை ஃபவுண்டரியில் எல்லோரும் சொல்வார்கள். வசந்தி, "இந்த வருஷம் வேட்டைக்கெல்லாம் போகோணுமா?" என்றாள். உரிமம் இருக்கிறது, ஹெரால்டின் அனுமதி இருக்கிறது, நான் என்ன திருடவா போகிறேன் என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனேன்.

அதுவரை எனக்குத் துணையாக வந்த நண்பர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். சுட்ட மானைச் சட்டப்படி பதிவு செய்வதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தனியாகப் போனேன்.

பனி லேசாகப் பெய்திருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் நல்ல கொம்புள்ள ஒரு கடா மான் வந்தது. சுட்டேன். பட்டது. வேலியைத் தாண்டி ஓடி, பக்கத்துப் பண்ணை மார்த்தா அம்மாளின் அறுத்த சோளக்காட்டில் விழுந்தது. அவர் வீட்டுக்குப் போய், உள்ளே வரலாமா என்று கேட்டேன். சமையலறையிலிருந்தே கையை ஆட்டினார். டேக் கட்டினேன். குடலை எடுத்தேன். அதற்குள் ஹெரால்டின் நாய் பஸ்டர் எங்கிருந்தோ வந்து எதிரே உட்கார்ந்தது.

அது உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தார்பாலினை விரித்தேன், கூறு போட்டேன். நாலு கூறு. "இது ஆருக்கு?" என்று நானே கேட்டு, முதுகைத் திருப்பி, நானே பதிலும் சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாக இந்த நாட்டில் நான் இருந்ததே இல்லை. தலையும் ஒரு பின்னங்காலும் ஹெரால்டுக்கு. விழுந்த மண்ணுக்கு, அதாவது மார்த்தா அம்மாளுக்கு, ஒரு முன்னங்கால். ஒரு பக்கத்து விலா பஸ்டருக்கு. மீதி எனக்கு. இரண்டு வீட்டுக் கதவிலும் பையைத் தொங்கவிட்டேன். ஹெரால்டின் வாசலில் தலையை மரியாதையாக நிமிர்த்தி வைத்தேன். கூப்பிடவில்லை.

6

மான்களைப் பதிவு செய்வது நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில். லாரிகளில் முழு முழு மான்களாக வரிசையில் நின்றன. என் முறை வந்ததும் நான் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மேசைமேல் வைத்தேன்.

"மான் எங்கே?" என்றாள் அங்கிருந்த பெண்.

"இதுதான்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதிவு செய்து முடிக்கும் வரை மானை இப்படிக் கூறு போடக்கூடாது என்பது இந்த மாநிலத்துச் சட்டம். வகுப்பில் எனக்கு யாரும் அதை அழுத்திச் சொல்லவில்லை. குடலை எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவன், காட்டிலேயே மானைப் பங்கு வைத்து வீடு வீடாகத் தொங்கவிடுவான் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த வனவிலங்கு அதிகாரி எழுந்து வந்தார்.

"மீதி எங்கே?"

"கொடுத்துவிட்டேன்."

"யாருக்கு?"

"சுட்ட நிலத்துக்கு ஒன்று. விழுந்த நிலத்துக்கு ஒன்று. நாய்க்கு ஒன்று."

"நாய்க்கா?"

"அது வந்திருந்தது ஐயா."

பயம் வந்தால் என் ஆங்கிலத்திலிருந்து முதலில் ஓடிப்போவது வினைச்சொற்கள். நான் விளக்க விளக்க விஷயம் மோசமாகிக்கொண்டே போனது. ஒரு டேக்கை வைத்துக்கொண்டு இரண்டு மான் சுட்டவர்களையும், கறியை விற்கிறவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். என்னை அந்த வரிசையில்தான் வைத்தார். துப்பாக்கியை வாங்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு, அபராதச் சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். "அந்த வீடுகளைக் காட்டு," என்றார்.

அவர் பின்னால் வர, நான் முன்னால் ஓட்டினேன். வழியெல்லாம் எனக்கு அம்மாவின் கைதான் கண்ணில் நின்றது, பால் பீச்ச ஒன்றுமில்லாத கை. ஒரு சீட்டு எழுதிவிட்டால் போதும், நேர்காணலில் ஆமாம் என்று சொல்ல வேண்டும். எருமையும் இல்லை, காடும் இல்லை, நானும் இல்லாமல் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பார். வசந்தி சொன்னதைக் கேட்காத என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு போனேன்.

7

ஹெரால்ட் வாசலில் நின்று, மான் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மானும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி கேட்டதும் தலையையும் பையையும் கொண்டுவந்து என் வண்டியின் பின்பலகையில் வைத்தார். கொம்பில் டேக் இருந்தது. பிறகு உள்ளே போய் மார்த்தா அம்மாளுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் அவர் காரில் வந்து இறங்கினார். கையில் துணி சுற்றிய பெரிய தட்டு. அதில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சூழ, பாதி வெந்த நிலையில் முன்னங்கால். "இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் வெந்திருக்கும்," என்று அதிகாரியிடம் குறைபட்டுக்கொண்டார்.

அதையும் பலகையில் வைத்தோம். என் பைகளையும் பிரித்தோம். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை, கால் இருக்க வேண்டிய இடத்தில் கால் என்று நாலு பேரும் சேர்ந்து அந்த மானைத் திரும்ப ஒட்டினோம். ஒரு காலில் மட்டும் ஆவி பறந்தது. அதிகாரி கால்களை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். "ஒரு பக்க விலாவைக் காணோமே," என்றார். அப்போது வைக்கோல் போரின் பின்னாலிருந்து பஸ்டர் வந்தது, வாயில் ஒரு விலா எலும்போடு.

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி புத்தகத்தைத் திறந்து என் பெயரைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து என் வாயிலிருந்து வந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"ஐயா, கறி இருக்கும்போதே நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு."

அவர் முகம் கல்லாகிவிட்டது. "கடமையில் இருக்கிற எனக்கு இறைச்சி கொடுக்கப் பார்க்கிறாயா? இதற்கு என்ன பெயர் தெரியுமா?"

இனி அபராதத்தோடும் போகாது என்று புரிந்தது.

அப்போதுதான் ஹெரால்ட் பேசினார். பஸ்டரைக் காட்டி, "இதற்கும்தான் கொடுத்திருக்கிறான். நாய்க்கு எதற்கு லஞ்சம்?" என்றார்.

அதிகாரி நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு எலும்பைக் கடித்தது.

ஹெரால்ட் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "எத்தனையோ வருஷமாக ஆட்கள் என் நிலத்தில் வந்து சுடுகிறார்கள். கேட்டுச் சுடுகிறவனும் உண்டு, கேட்காமல் சுடுகிறவனும் உண்டு. ஒருவன்கூட எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்ததில்லை. இந்த ஆள் தலையை என் வாசலில் வைத்துவிட்டு, நான் பார்த்துவிடக் கூடாது என்று போயிருக்கிறான். நீங்கள் பிடித்துக்கொண்டு வந்திருப்பது இவனைத்தான்."

மார்த்தா அம்மாளும் சேர்ந்துகொண்டார். "என் நிலத்தில் கால் வைக்கக்கூட வந்து கேட்டார். நான்தான் யார் என்றுகூடப் பார்க்காமல் கையை ஆட்டிவிட்டேன்."

அதிகாரி கொம்பில் இருந்த டேக்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். "மான் ஒன்றுதான். டேக் சரியாக இருக்கிறது. எச்சரித்து விடுகிறேன்."

"எழுத்திலா ஐயா?" என்றேன்.

"வாயால்."

வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். அம்மாவைப் பற்றியும், நேர்காணலைப் பற்றியும், விற்றுவிட்ட எருமையைப் பற்றியும் வந்த வரைக்கும் சொன்னேன். எருமை என்றதும் ஹெரால்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாட்டோடு இருக்கிறவர் அல்லவா? என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி என் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாயைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பங்கு வாங்கவில்லை. வாங்கக் கூடாதவர் வாங்காமல் போனார், அதற்கும் எனக்கு மரியாதைதான்.

ஒட்டிய மானோடு திரும்பப் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். அந்தப் பெண் வெந்த காலைப் பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினாள். ஆகவே செந்தில் தம்பி, குடலை எடுத்ததோடு கத்தியை உறையில் போட்டுவிடுங்கள். முதலில் பதிவு, பிறகு பங்கு.

8

சமையலுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. மான் கறியில் கொழுப்பு இல்லை, அதனால் சீக்கிரம் விறைத்துப்போகும். கொத்தமல்லி விதையும் வரமிளகாயும் வறுத்து அரைத்து, தேங்காய் தாராளமாகப் போட்டு, குக்கரில் அவசரப்படாமல் வேகவிடுங்கள். நம்ம சின்ன வெங்காயத்துக்கு இங்கே சரியான மாற்று இல்லை, கிடைக்கிற வெங்காயத்தைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடவேண்டியதுதான். உப்புக்கண்டம் போட நவம்பர் குளிர் நல்லது. உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிய துண்டுகளைக் கார் நிறுத்துகிற அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ரம்யா தன் தோழிகளை அந்தப் பக்கம் வரவிடாமல் முன்வாசல் வழியாகவே கூட்டிப்போனாள்.

அவளுக்கு நான் சுடுவது பிடிக்காது. மான் கறியைத் தொடமாட்டாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அப்பத்தாவோடு போனில் பேசச் சொன்னால் ஒரு 'ஹாய்', ஒரு 'பை'. எங்களைப் பற்றிப் பள்ளியில் அவள் எதுவும் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருஷம், இங்கே நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் விடுமுறை முடிந்து போனவள், வகுப்பில் எழுந்து நின்று ஒட்டிய மானின் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவள் ஆசிரியை என்னைக் கடையில் பார்த்தபோது, "நாய்க்கும் பங்கு வைத்தவர் நீங்கள்தானா?" என்று கேட்டார். ரம்யா பக்கத்தில்தான் நின்றாள். ஓடி ஒளியவில்லை.

டிசம்பரில் நேர்காணல். அந்தக் கேள்வி வந்தது. இல்லை என்று சொன்னேன், உண்மையைத்தான் சொன்னேன். பிறகு சத்தியம், பிறகு அம்மாவுக்கு விண்ணப்பம், அவருக்கு மருத்துவச் சோதனை, சென்னைக்கு இரண்டு முறை அலைச்சல். ஒருவழியாக இந்தக் கோடையில் அம்மா வந்து சேர்ந்தார்.

நாம் ஊரில் நன்றி என்ற வார்த்தையை வாயால் சொல்வதில்லை. மேடையில் சொல்வோம், பத்திரிகையில் அடிப்போம், வீட்டில் சொன்னால் சண்டையா என்று கேட்பார்கள். இங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால்கூடச் சொல்கிறார்கள், எனக்கும் பழகிவிட்டது. ஆனால் ஹெரால்டிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. போன வருஷம், பதிவெல்லாம் முடித்த பிறகு, அவர் பங்கை அவர் கதவில் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

9

இதை இங்கேயே முடித்திருப்பேன். நேற்று காலையில் ஒன்று நடந்துவிட்டது.

இந்த வருஷம் எனக்கு ஓவர்டைம், முதல் நாள் வேட்டைக்குப் போக முடியவில்லை. அம்மாதான் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுகிறவர். பால் பீச்சுகிற நேரத்துக்கு இன்னும் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்து பனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேற்று அப்படித் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளைத் தாளில் சுற்றிய கறி. பதிவு செய்த சீட்டின் நகல் ஒன்று முறையாக மேலே ஒட்டியிருந்தது. மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. வாசலிலிருந்து சாலை வரைக்கும் பனியில் பெரிய பூட்ஸ் தடம், அதன் பக்கத்திலேயே ஒரு நாயின் தடம்.

அம்மா பையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். பிறகு அந்தத் தடங்களைப் பார்த்தார்.

"ஆரோ பங்கு வெச்சுப்போட்டுப் போயிருக்கறாங்க கண்ணு. ஏஞ்சாமி, இங்க நம்ம ஊர்க்காரங்க ஆராச்சும் இருக்கறாங்களா?"

"இருக்கறாருங்கம்மா," என்றேன்.